பீங்கான் பேட்டையில் தலை எண்ணும் சட்டம்

விருத்தாசலத்துப் பீங்கானைப் பற்றிப் பேச்செடுத்தால் வெள்ளைக் களிமண், அகல் விளக்கு, கொலு பொம்மை என்றுதான் கதை போகும். கார்த்திகை நெருங்கினால் விளக்குப் பெட்டிகள் லாரி ஏறும் படம் பத்திரிகைகளில் வரும். அந்தக் கதையில் அநேகமாக யாரும் கவனிக்காத பாத்திரம் ஒன்று உண்டு. அது அரசாங்கம். பீங்கானுக்கென்று தொழிற்பேட்டை அமைத்து இடம் கொடுத்தது அரசு. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு சொல்லித்தரும் நிறுவனம் அரசுடையது. ஸ்டோன்வேர் குழாய் ஆலை அரசு நிறுவனத்துடையது. வேலையில் தகராறு வந்தால் இரு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசும் அலுவலரும் அரசின் ஆள்தான். இடத்துக்காரர், வாத்தியார், முதலாளி, பஞ்சாயத்தார் என்று நான்கு வேடமும் ஒருவருக்கே. இவை எங்கே ஒத்துப்போயின, எங்கே முட்டிக்கொண்டன என்று பார்த்தால், தமிழ்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் வரலாற்றில் பாதியை இந்த ஒரே ஊரில் உட்கார்ந்து சொல்லிவிடலாம்.

சட்டத்துக்குப் போவதற்கு முன் வேலை நடக்கும் கூடத்துக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும். களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் பால் மில்லில் தண்ணீரோடு அரைத்துக் கூழாக்குகிறார்கள். கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் தோலாகப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகிய பொம்மையை அச்சிலிருந்து பிரிக்கிறார்கள். இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் பொம்மையின் விலாவில் ஒரு கோடு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சமன் செய்ய வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை அது. ஈரம் இருக்கும்போதே சீவினால் மண் சுருளாக விழும். காய்ந்த பிறகு சீவினால் தூளாகப் பறக்கும். காய்ந்த பிறகு சீவினால்தான் கை வேகமாக ஓடும். கூலியோ நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு. எனவே எதைத் தேர்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூளில் இருக்கும் சிலிக்காதான் இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் திரும்ப வரும்.

ஒரு கூடத்தில் எத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் சட்டம் முதலில் கேட்கும். 2025 நவம்பர் வரை இருந்த கணக்கைச் சொல்கிறேன். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், பயன்படுத்தாவிட்டால் 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. இ.எஸ்.ஐ.க்கும் பணிக்கொடைக்கும் 10 பேர். வைப்பு நிதிக்கு 20 பேர். வேலையில்லாத நாளுக்குப் பாதிச் சம்பளம் கேட்க 50 பேர், அதுவும் சீசன் தொழிலாக இருக்கக் கூடாது. அரசு அனுமதி இல்லாமல் ஆலையை மூடக் கூடாது என்று தடுக்க 100 பேர். விருத்தாசலத்தின் பீங்கான் கூடங்களில் பல இந்த ஏணியின் முதல் படிக்குக் கீழேயே நிற்பவை. குழாய் ஆலை மட்டும்தான் மேல்படிகளில் ஏறிய பேர்வழி.

தொழிற்பேட்டை என்ற ஏற்பாடே 1950-களின் சிந்தனை. கிண்டித் தொழிற்பேட்டை 1958-ல் திறக்கப்பட்டது. அப்போது சென்னை மாநிலத்தில் தொழில் துறையையும் தொழிலாளர் துறையையும் சேர்த்துக் கையில் வைத்திருந்தவர் ஆர். வெங்கட்ராமன். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானவர் என்றுதான் நாம் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அரசியலுக்கு முன் அவர் தொழிலாளர் வழக்குகளை நடத்திய வழக்கறிஞர். 1949-ல் அவர் தொடங்கிய லேபர் லா ஜர்னல் இன்றும் நம் சட்ட நூலகங்களில் வரிசையாக நிற்கிறது. பேட்டை போடுகிறவரும், அங்கே வேலை செய்கிறவரின் உரிமைக்குச் சட்டம் எழுதுகிறவரும் ஒரே மேசையில் ஒரே ஆளாக இருந்த காலம் அது. 1958-ஆம் ஆண்டு ஒன்றிலேயே பீடித் தொழிற்கூடங்களுக்கு ஒரு சட்டம், உணவு விடுதிகளுக்கு ஒரு சட்டம், தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கு ஒரு சட்டம் என்று மூன்று வந்தன. இன்றைக்கு ஒரு தொழிலாளி குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் நான்கையும் பண்டிகை நாள் ஐந்தையும் சேர்த்து ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை கேட்கிறார் என்றால், அந்த மூன்றாவது சட்டத்தை வைத்துத்தான்.

இதற்கும் முந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா மே நாள் மலரிலும் வந்ததுதான். 1918 ஏப்ரலில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்கை எடுக்க, பி.பி. வாடியா தலைவராக, சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பின்னி ஆலை வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. சங்கம் வைப்பதே சிவில் குற்றமாகிவிடும் நிலை. அந்த வழக்கு எழுப்பிய கூச்சல்தான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு உடனடிக் காரணம். ஆக, இந்த மாநிலத்தில் தொழிலாளர் சட்டம் நீதிமன்றத்தோடு மோதித்தான் பிறந்திருக்கிறது.

அதிகம் பேசப்படாத இன்னொரு வேர் உண்டு. 1920-ல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் பதவி ஏற்பட்டபோது, ஆலைத் தகராறுகள் அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வீட்டுமனை வாங்கித் தருவது, பள்ளிக்கூடம் நடத்துவது, கிணறு வெட்டுவது எல்லாம் அதே அலுவலகத்தில் நடந்தன. 1949-ல்தான் அரிசன நலத் துறை தனியாகப் பிரிந்தது. கூலி, சாதி, மனை மூன்றும் ஒரே கோப்பில் இருந்ததை இன்று நிர்வாகக் குழப்பம் என்று சொல்வார்கள். நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சூளை வேலைக்கு வருகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அது குழப்பமாகத் தோன்றாது.

இனி அரசு முதலாளியான கதை. தமிழ்நாடு செராமிக்ஸ் நிறுவனத்தை ஊரில் 'டாசெல்' என்றால்தான் தெரியும். அதன் கையிலிருந்த ஸ்டோன்வேர் குழாய் ஆலை பின்னாளில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஓர் அலகாக மாறியது. நகரங்களின் பாதாளச் சாக்கடைக்குப் போகும் பழுப்பு நிறக் குழாய் அது. சூளையின் சூடு உச்சத்தில் இருக்கும்போது நெருப்பில் உப்பை அள்ளிப் போடுவார்கள். ஆவியான உப்பு குழாயின் மேனியில் படிந்து கண்ணாடிபோல் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் குழாயை அமிலமும் அரிக்காது. பி.வி.சி. குழாய் வந்து அந்தச் சந்தையை மெல்லத் தின்றது தனிக் கதை.

அரசு முதலாளியாகும்போது என்ன வித்தியாசம்? தனியார் கூடத்தில் ஆளைத் தினக்கூலியாக வைத்துக்கொள்ள லாபக் கணக்கு காரணம். அரசு ஆலையில் அதே காரியத்துக்கு நிதித் துறையின் ஒப்புதல் இல்லை, பணியிடம் இல்லை, வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் வரவில்லை என்று மரியாதையான பெயர்கள் உண்டு. விளைவு ஒன்றுதான்: பத்து வருடம் வேலை செய்த ஆள் பதினோராவது வருடமும் தற்காலிகம்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு தனியாக ஒரு காரியம் செய்தது. தொழில் நிறுவனங்களில் நிரந்தரத் தகுதி வழங்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கியே தீர வேண்டும் என்பது அதன் சாரம். வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் இதுதான் செல்லும் என்று முதல் வரியிலேயே அடித்துச் சொல்லிவிட்டது. பதிலி ஆளும் இதில் அடக்கம். மாதத்துக்குச் சராசரி 20 நாள் வந்தால் கணக்கு நேராகிவிடும். இதைவிட எனக்குப் பிடித்தது அதன் 3-ஆம் பிரிவில் இருக்கும் தொடர்ச்சி என்பதன் விளக்கம். நோய், அனுமதித்த விடுப்பு, விபத்து, சட்டப்படியான வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்ற நாள் இவை எதுவும் தொடர்ச்சியை அறுக்காது. கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பீங்கான் காயாது, வேலை நிற்கும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது மாவட்டத்தில் கூரை தப்பிய இடம் குறைவு. அப்படி நின்ற நாட்களைக் காட்டி, 'இவர் தொடர்ந்து வரவில்லை' என்று சொல்ல இந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஆலை முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. தொழில் நடத்தும் எங்கள் சுதந்திரத்தில் கை வைக்கிறது என்று வழக்குக்குப் போனார்கள். நெல்லை காட்டன் மில்ஸ் வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதே 1981-ல் வந்த இன்னொரு சட்டம், தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் தருவது: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், விசாரணையை அதற்கு மேலும் இழுத்தால் முழுச் சம்பளம். விசாரணையை இழுத்தடிப்பது முதலாளிக்கே செலவாகும்படி எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் யாரோ, நீதிமன்றத் தாழ்வாரத்தில் பல வருடம் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அரசு போட்ட 480 நாள் சட்டத்துக்கு அரசு ஆலைகளே முதல் எதிர்வாதிகளானதுதான் வேடிக்கை. 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, முறைப்படி நியமிக்கப்படாத தற்காலிக ஊழியர் நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் அரசுத் தரப்புப் பதில் மனுக்களில் உமாதேவி பெயர் இல்லாத மனுவைத் தேட வேண்டியிருந்தது. தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தொழில் தகராறுச் சட்டம் தந்த அதிகாரத்தை அந்தத் தீர்ப்பு பறிக்கவில்லை என்று 2009-ல் மகாராஷ்டிரப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றமே விளக்கியது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கிலும் 2025 ஜனவரியில் ஸ்ரீபால் வழக்கிலும் இன்னும் கறாராகச் சொன்னது: நிரந்தரமான வேலையைப் பல்லாண்டு தற்காலிகமாக வாங்கிக்கொண்டு, உமாதேவியைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது. ஏறத்தாழ இருபது வருடம் ஒரே தீர்ப்பைக் காட்டி அனுப்பப்பட்டவர்களில் பலர் இதற்குள் ஓய்வு வயதையே தாண்டிவிட்டார்கள்.

சட்டம் இருக்கட்டும், நீதிமன்ற வாசலை எப்படி அடைவது? வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஆள் முதலில் சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்க வேண்டும். பேச்சு முறிந்தால், 1988 வரை, அவர் அரசுக்கு முறிவறிக்கை அனுப்புவார். அதைப் படித்துப் பார்த்து, இது நீதிமன்றத்துக்கு அனுப்பத் தகுந்த தகராறா என்று கோட்டையில் முடிவெடுப்பார்கள். கோப்பு அங்கே எத்தனை நாள் தூங்கும் என்பது யாருக்கும் தெரியாது. எதிர்வாதி அரசு நிறுவனமாகவே இருந்துவிட்டால், அரசுமீது போட வேண்டிய தகராறை அனுப்பலாமா என்று அரசையே கேட்ட கதை. 1988-ல் தமிழ்நாடு, தொழில் தகராறுச் சட்டத்தில் 2-ஏ பிரிவுக்கு ஓர் உட்பிரிவு சேர்த்தது. சமரசம் முறிந்தால் தொழிலாளி நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரசின் அனுப்பாணை வேண்டாம். ஒன்றிய அரசு இதே வழியை நாடு முழுமைக்கும் திறந்தது 2010-ல். 22 வருடம் முந்திக்கொண்டது தமிழ்நாடு. என்னைக் கேட்டால், 480 நாள் சட்டத்தைவிட இந்தச் சின்னத் திருத்தம்தான் அதிகம் பேரைக் காப்பாற்றியது. பெரிய வாக்குறுதிகளை மேடையில் பேச வசதியாக இருக்கும். வாசலைத் திறந்துவிட்டதைப் பேச யாருக்கும் தோன்றுவதில்லை.

நம் மாவட்டத்துக்கான தொழிலாளர் நீதிமன்றம் கடலூரில். விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி, பஸ் கட்டணம், மத்தியானச் சாப்பாடு. போன பிறகு அங்கே நடப்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: வேலை செய்த நாட்களுக்கு என்ன சான்று? வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் முதலாளியிடம். தொழிலாளியிடம் இருப்பது சமையலறை ஆணியில் தொங்கிய தினசரிக் காலண்டர். அதில் 'முன்பணம் 200' என்று பேனாவால் எழுதியது. பேட்டை வாசலில் எடுத்த ஆயுத பூஜை போட்டோ. ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கத் தேவையான 240 நாள் வேலையைச் செய்ததை நிரூபிக்கும் சுமை தொழிலாளியுடையது என்று ஹதிமானி வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யெல்லட்டி வழக்கில் பின்னர் ஒரு படி இறங்கிவந்து, தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்லிப் பதிவேட்டைக் கேட்டும் முதலாளி கொண்டுவராவிட்டால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்று வழி காட்டியது. ஆகவே பதிவேட்டை வரவழைக்கும் மனுவை மறக்காமல் போடுவது, ஆயிரம் தீர்ப்புகளை மேற்கோள் காட்டுவதைவிட மேல். இளைய வழக்கறிஞர்கள் இந்த ஒரு வரியையாவது கத்தரித்து வைத்துக்கொள்ளட்டும். இன்னொன்று: சம்பளத்தோடு கூடிய வார விடுமுறை நாட்களும் அந்த 240-ல் சேரும் என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கில் 1985-லேயே தீர்ந்துபோன விஷயம். 200 நாள் வேலை செய்தவர் தன் வழக்கு தோற்றுவிட்டது என்று எண்ணுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இங்கே தலை எண்ணாத பிரிவு ஒன்று இருந்ததையும் சொல்ல வேண்டும். 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத அறிவிப்பும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் தர வேண்டும் என்கிற பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 25-எஃப் பிரிவு, கூடத்தில் நான்கு பேர் இருந்தாலும் பொருந்தியது. பேட்டையின் சின்னக் கூடங்களில் இது முதலாளிக்கும் தெரியாது, தொழிலாளிக்கும் தெரியாது. இரண்டு பேருமே எதிரெதிர்த் தெருவில் குடியிருப்பவர்கள். சீசன் முடிந்ததும் 'அப்புறம் சொல்லி அனுப்பறேன்' என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

கடலூர் போகிற வழியில் இருக்கும் நெய்வேலியை வைத்து ஒரு விசித்திரத்தைக் காட்டலாம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணுக்கும் நெய்வேலி பெயர்பெற்றது. அங்கே சுரங்கத்தில் வேலை செய்கிறவருக்கு 'உரிய அரசு' ஒன்றிய அரசு. அவர் தகராறுக்கு ஒன்றியத்தின் தொழிலாளர் ஆணையர் அமைப்பிடம் போக வேண்டும். அந்த நிலத்தின் மண்ணைக் கூழாக்கி அகல் விளக்கு வார்க்கும் விருத்தாசலத்துக்காரருக்கு உரிய அரசு மாநில அரசு. ஒரே மாவட்டம், ஒரே மண், இரண்டு அரசாங்கம். நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிரந்தரக் கோரிக்கை தலைமுறை தாண்டிப் போராட்டமாகவும் வழக்காகவும் ஓடியதைப் பார்த்தவர்கள், பெரிய அரசு நிறுவனத்தில் இருப்பதே பாதுகாப்பு என்று நினைக்க மாட்டார்கள்.

அரசு முதலாளியாக எவ்வளவு தூரம் போகும் என்று 2003 ஜூலையில் தமிழ்நாடே பார்த்தது. பழைய சலுகைகளைத் திரும்பக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர்களில் சுமார் 1.7 லட்சம் பேர், அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் துணையோடு, விசாரணை இல்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றம், நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது. இத்தனை பேரையும் தாங்குகிற நிலையில் தீர்ப்பாயம் இல்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசு இசைந்தது. ஆனால் ஆகஸ்ட் 6-ஆம் தேதி ரங்கராஜன் வழக்கின் தீர்ப்பில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மிக உரிமையோ கிடையாது என்று எழுதியது. வேலை திரும்பக் கிடைத்தது, உரிமை போனது. தார்மிகத்தைப் பற்றிச் சொல்ல நீதிமன்றத்திடம் யாரும் கேட்கவில்லை என்று அன்று பல மூத்த வழக்கறிஞர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

இனி தூசிக்கு வருவோம். சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாகும் நோய் சிலிகோசிஸ். தழும்பு போகாது; வேலையை விட்ட பிறகும் வளரும். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இது அறிவித்தாக வேண்டிய நோயாக இருந்தது. பார்க்கும் மருத்துவரே அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் இருந்தது. இருந்து என்ன? இருமலும் இளைப்பும் மெலிவுமாக வருகிறவரை முதலில் காசநோயாளி என்றுதான் மருத்துவமனை எடுத்துக்கொள்ளும். எந்த வேலை செய்தீர்கள், எத்தனை வருடம் என்று கேட்டு எழுதினால்தானே அறிவிக்க முடியும்? அந்த ஒரு கேள்வி இல்லாததால் நோயும் கணக்கில் ஏறுவதில்லை, இழப்பீடும் எழுவதில்லை.

பத்துப் பேருக்குக் குறைவான கூடத்தையும் தொழிற்சாலையாக அறிவிக்க மாநில அரசுக்குப் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 85-ஆம் பிரிவு அதிகாரம் தந்திருந்தது. ஆனால் அதிலும் ஒரு விலக்கு: உரிமையாளர் தன் குடும்பத்தாரை மட்டும் வைத்துத் தொழில் செய்தால் அந்த அறிவிப்பு தொடாது. மனைவியும் மைத்துனியும் சீவும் தூள் அயலாள் சீவும் தூளைவிடக் கெடுதல் குறைந்ததா என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. முதலாளிகள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இந்தக் கூடங்களை நடத்துகிறவர்களில் பலர் நேற்றுவரை அதே பெஞ்சில் உட்கார்ந்து வேலை கற்றவர்கள். மோர்பி, குர்ஜா போன்ற வடக்கத்திப் பீங்கான் ஊர்களோடும் இறக்குமதிப் பொம்மையோடும் விலையில் மல்லுக்கட்டுகிறவர்கள். தூசி உறிஞ்சும் கருவி போடச் சொன்னால், அதற்குப் பதில் பத்தாவது ஆளை வேலைக்கு எடுக்காமல் இருந்துவிடுவது அவர்களுக்குச் சுலபம். சட்டம் தலையை எண்ணுவதால் முதலாளியும் தலையை எண்ணுகிறார்.

இந்த எண்ணிக்கைக்கு வெளியே நின்றவர்களுக்காகத் தமிழ்நாடு கண்ட வழி, நல வாரியம். 1982-ன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை ஆதாரமாக வைத்துப் பின்னர் வாரியங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கட்டுமானத் தொழிலாளருக்கு 1994-ல். மற்றவர்களுக்கு அதன் பிறகு. மண்பாண்டத் தொழிலாளருக்கும் தனி வாரியம் உண்டு. மழைக்காலத்தில் சூளை எரியாத நாட்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை அந்த வகையில் வருவதுதான். முதலாளி யார் என்று கேட்காமல், அடையாள அட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் ஏற்பாடு. திருமணத்துக்கும் படிப்புக்கும் இறப்புக்கும் பணம் கிடைக்கிறது. கூலியைப் பற்றியும் தூசியைப் பற்றியும் பேச மட்டும் எதிரே யாரும் இருப்பதில்லை.

சமீப காலத்தில் தொழிலாளர் துறை நம் பக்கத்துக்கே வந்தது. 2021-ல் அத்துறை அமைச்சரான சி.வெ. கணேசன் அப்போது அண்டைத் தொகுதியான திட்டக்குடியின் உறுப்பினர். அந்த ஆண்டு செப்டம்பரில், கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. கேரளம் 2018-ல் செய்ததைப் பின்பற்றியது. அதே துறைதான் 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் தொழிற்சாலைகள் திருத்த மசோதாவையும் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு. மே 1-ல், மே தினப் பூங்காவில், திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் ஸ்டாலினின் அறிவிப்பு. நம் ஊர்ச் சூளைக்காரர்கள் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். தீ ஏற்றிய சூளையை எட்டு மணி நேரத்தில் விட்டுப் போக முடியாது. மாற்றாள் இல்லாத கூடத்தில் ராத்திரிக் காவலும் பகல் வேலையும் ஒருவருக்கே. சட்டசபையில் திரும்பப் பெற்ற பன்னிரண்டு மணி நேரம் அங்கே எப்போதோ நடைமுறையில் இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நான்கு தொகுப்புச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. எழுதிக் கொடுக்கும் நியமன ஆணை எல்லோருக்கும் கட்டாயம் என்பதும், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை என்பதும் நல்ல மாற்றங்கள். கடலூரில் காலண்டரைக் காட்டி வழக்காடியவருக்கு நியமன ஆணையின் அருமை தெரியும். ஆனால் தலைக்கணக்கு ஏறிவிட்டது. மூடுவதற்கு அனுமதி கேட்க வேண்டிய வரம்பு 100-லிருந்து 300. தொழிற்சாலை என்பதற்கே மின்சாரத்தோடு 20 பேர், மின்சாரம் இல்லாவிட்டால் 40 பேர். நேற்றுவரை 12 பேரோடு தொழிற்சாலையாக இருந்த பீங்கான் கூடம் இன்று தொழிற்சாலை இல்லை. நம் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலை என்பதற்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையைத்தான் கடன் வாங்கியிருந்தது. கடன் கொடுத்த சட்டம் போன பிறகு, 480 நாள் கணக்குக் கேட்டு வரும் ஆளிடம் 10 பேர் இருந்தார்களா என்று கேட்பார்களா, 20 பேர் இருந்தார்களா என்று கேட்பார்களா? கடலூரிலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் வரும் ஆண்டுகளில் வாதாடப்போகும் கேள்வி இது.

சட்டசபை விரும்பினால் அதற்கு முன்பே ஒரு வரித் திருத்தத்தில் தீர்த்துவிடலாம். 1981 சட்டம் மாநிலத்தின் சொந்தச் சட்டம். தூசிக்கும் ஒரு வழி புதிய தொகுப்பிலேயே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை நடக்கும் இடத்தில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் பாதுகாப்பு விதிகள் பொருந்தும் என்று ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிடலாம். பீங்கான் பெஞ்சில் காய்ந்த மண் சீவும் வேலையை அதில் சேர்க்கும்படி ஒன்றியத்தைக் கேட்பதற்கு, பட்டயப் படிப்பில் தூசி அளக்கக் கற்றுத்தரும் மாநில அரசே போதும். பேட்டையின் கூடங்களுக்கு இடம் கொடுத்திருப்பதும் அதே அரசுதான்.